ஊற்றும் முன்பே வந்த பிங்க் தண்ணீர்

படகைப் பற்றிச் சாந்தகுமாருக்குத் தெரிந்ததெல்லாம், அதில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பதுதான். மீதி அத்தனையும் தர்மராசாவின் இலாகா. நியூ ஜெர்சி எடிசனில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கும் இருவரும் சேர்ந்து வாங்கிய படகு அது. கோடையில் இரண்டு குடும்பமும் பார்னெகட் வளைகுடாவில் சுற்றும். குளிர் வந்தால் படகு டாம்ஸ் ரிவர் படகு யார்டில் டிரெய்லர் மேல் ஏறிக்கொள்ளும். நவம்பர் தோறும் தர்மராசா எஞ்சினுக்குள் ஏதோ பிங்க் தண்ணீர் ஊற்றுவான். சாந்தகுமார் பக்கத்தில் நின்று ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுவான். வேலைப் பங்கீடு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இந்த ஆகஸ்டில் எல்லாம் கெட்டது. தன் மகள் பிரீத்தாவின் கிராஜுவேஷன் பார்ட்டியில், தர்மராசா படகை மணல்திட்டில் ஏற்றிவிட்டு முழித்த கதையைச் சாந்தகுமார் நடித்தே காட்டினான். ஹாலே சிரித்தது. தர்மராசா மட்டும் சிரிக்கவில்லை. “நங்கூரம் எது, ஸ்டீரிங் எது எண்டு தெரியாத ஆளெல்லாம் கதை சொல்ல வெளிக்கிட்டாச்சு” என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. நீ முதலில் பேசு, நான் முதலில் பேச மாட்டேன் என்று ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். சாந்தகுமாரின் மனைவி ஜெயசெல்வியும் தர்மராசாவின் மனைவி தவமணிதேவியும் வழக்கம்போலச் சேர்ந்தே வாக்கிங் போனார்கள். “உங்க பஞ்சாயத்துல எங்களை இழுக்காதீங்க” என்று ஜெயசெல்வி கறாராகச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை செய்தியில், சனி ராத்திரி கடும் உறைபனி என்றார்கள். சாந்தகுமாருக்கு உடனே படகு ஞாபகம் வந்தது. எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் உப்பும். உப்பினால் இரும்பே பிளந்துவிடும். எஞ்சின் பிளந்தால் படகு அவ்வளவுதான். அப்படி உறையாமல் இருக்கத்தான் அந்தப் பிங்க் ஆன்டிஃப்ரீஸ். அந்தக் கோபக்காரன் இந்த வருஷம் படகுப் பக்கமே போயிருக்க மாட்டான் என்று சாந்தகுமார் முடிவே கட்டிவிட்டான். கேட்டுப் பார்க்கலாம்தான். கேட்டால் முதலில் பேசியதாக ஆகிவிடுமே! ஆனால் படகும் போய்விட்டால், தர்மராசாவிடம் என்றைக்காவது பேச ஒரு சாக்குக்கூட மிஞ்சாது. அதை நினைத்தால்தான் அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே, தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில், “ஃபிரண்ட் ஒருத்தரோட போட்டுக்கு எந்த ஆன்டிஃப்ரீஸ் நல்லது?” என்று நாசூக்காகக் கேட்டு வைத்தான். குரூப்புக்கு உயிர் வந்துவிட்டது. காருக்கு ஊற்றுகிற பச்சைதான் பெஸ்ட் என்றார் பசுபதி. பச்சை விஷம், வெளியே வந்தால் மீன் சாகும், பிங்க்தான் வேண்டும் என்றார் திருமூர்த்தி. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் நிறைய வரும் என்றார் இன்னொருவர். கலந்தால் பிங்கே உறைந்துவிடும் என்று அவர் மேல் நாலு பேர் பாய்ந்தார்கள். நடுவில் ‘தர்மராசா டைப்பிங்’ என்று ஒரு கணம் தெரிந்து மறைந்தது. ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனால், பிங்கிலேயே ஒரு குடும்பம் நிற்கிறது. மைனஸ் ஐம்பது, மைனஸ் நூறு, மைனஸ் இருநூறு, எல்லாம் ஃபாரன்ஹீட்டில். நியூ ஜெர்சியில் எந்தக் காலத்தில் மைனஸ் இருநூறு வந்தது? ஐம்பதைத் திருப்பிப் பார்த்தால், பூஜ்யத்துக்கு மேலேயே கூழாக ஆரம்பிக்கும், ஆனால் மைனஸ் ஐம்பது வரைக்கும் குழாயை உடைக்காது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் ஜனவரியில் உறைந்தும் பாட்டில் உடையாமல் இருக்கிற மாதிரியோ என்னவோ! சாந்தகுமாருக்குத் தலை சுற்றியது. பிங்க் என்றால் பிங்க் என்று மைனஸ் ஐம்பதில் மூன்று கேன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

யார்டில் படகின் மேல் தார்ப்பாய் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்தாவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முடிச்சைத் திட்டிக்கொண்டே அவிழ்த்தான். முதலில் ஹோஸ் தண்ணீரில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கு, அப்புறம் ஆன்டிஃப்ரீஸுக்கு மாற்று என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஹோஸை மாட்டி, குழாயைத் திறந்து, சாவியைத் திருகிவிட்டுப் பின்பக்கம் ஓடி வந்து பார்த்தான்.

பிங்காகக் கொட்டியது.

சாந்தகுமார் கேன்களைப் பார்த்தான். மூன்றுக்கும் மூடி திறக்கவே இல்லை. ஹோஸைப் பார்த்தான். அதில் வருவது வெறும் குழாய்த் தண்ணீர். கையை நீட்டிப் பிடித்தான். வழவழவென்று இளஞ்சிவப்பாக வழிந்தது. எஞ்சினில் ஏதாவது உடைந்து எண்ணெய் ஒழுகுகிறதா? துருவா? ஊற்றாத பிங்க் எங்கிருந்து வரும்? சாமி சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது பிங்க் வெளுத்து, வெறும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பாவி மனுஷன், ஏற்கெனவே வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான்!

எஞ்சினை நிறுத்தினான். ஒருத்தன் பார்த்துப் பார்த்து ஊற்றியதையெல்லாம் கழுவித் தரையில் விட்டாயிற்று. ராத்திரி உறைபனி. இனி மானம் பார்க்க நேரமில்லை. ஃபோனை எடுத்தான்.

“தர்மா... நான்தான்.”

“ம்.”

“நீ முன்னாடியே ஊத்திட்டியா?”

“போன ஞாயிறு. ஏன், கழுவிப் போட்டியா?”

“ஆமா மக்கா.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “என்ன வாங்கினனீ?”

“பிங்க். மைனஸ் ஐம்பது.”

“அது வீட்டுக் குழாய்க்கு. எத்தனோல் எண்டு போட்டிருக்கோ, பார்.”

பொடி எழுத்தில் தேடினான். போட்டிருந்தது.

“அதை எஞ்சினுக்குள்ள விடாதை, ரப்பரெல்லாம் போயிடும். பின் சீட்டைத் தூக்கிப் பார்.”

சீட்டைத் தூக்கினான். மைனஸ் நூறு கேன்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு புனலும் துணியும்.

“இது எப்ப வந்தது?”

“நேற்று. குரூப்பில நீ கேட்டதைப் பாத்தனான். நீ வந்து எஞ்சினைத் திறப்பாய், கழுவுவாய், பிழையானதை வாங்குவாய் எண்டு தெரியும். கொண்டு வந்து வச்சிட்டுப் போனனான்.”

எடிசனிலிருந்து டாம்ஸ் ரிவருக்கு ஒரு மணி நேர டிரைவ். திரும்பிப் போக இன்னொரு மணி. சாந்தகுமாருக்கு ஆத்திரமே வந்தது.

“அதுக்கு ‘ஊத்தியாச்சு’ன்னு ஒரு வரி குரூப்புல போட்டிருக்கலாம்ல?”

“நீ ‘ஊத்தினியா?’ எண்டு ஒரு வரி கேட்டிருக்கலாம்.”

சாந்தகுமார் ஒரு கேனை வெளியே எடுத்து வைத்தான். யார்டில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது.

“அந்த மணல்திட்டுக் கதை... நான் சொல்லியிருக்கக் கூடாது, தர்மா.”

“எஞ்சின் ஆறப் போகுது, மச்சான். கேனைத் திற.”

சாந்தகுமார் கேனைத் திறந்தான். ஒரு தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டான்.

“சரி, வைக்கட்டுமா?”

“வைக்காதை. பின்பக்கம் பிங்க் வாற வரைக்கும் லைன்ல நில்லு.”