மூன்று மாத வெளிச்சம்

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். பதினொன்றரைக்குத்தான் கொரின் ஆஸ்ட்லிக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

ஆயிரம் கேலக்ஸிகள் சேர்ந்த ஒரு கொத்திலிருந்து காமா கதிர் வருகிறதா என்று மின்னசோட்டாவில் உட்கார்ந்து நான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷச் செயற்கைக்கோள் பதிவுகளை ஒன்றாகக் கூட்டியபோது அந்தத் திசையில் மங்கலாக ஒரு பொட்டு தெரிந்தது. இன்று குழு ஒப்புக்கொண்டால் நாளை கட்டுரை இதழுக்குப் போய்விடும். அவளுடைய வேலை ஜூனோடு முடிகிறது. இந்தக் கட்டுரையை நம்பித்தான் மூன்று ஊர்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

கடைசி ஸ்லைடுக்காக, வந்த கதிர்களில் ஆற்றல் மிகுந்த ஐந்தை எடுத்துத் தேதி பார்த்தாள். நான்கு ஒரே வசந்தத்தில் வந்திருந்தன.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒளி போய்ச்சேரவே பல லட்சம் வருஷம் ஆகும் கொத்து அது. அதன் வெளிச்சம் சில மாதங்களில் ஏறி இறங்க வழியில்லை.

குழுத் தலைவர் வெண்டல் எட்டிப் பார்த்தார். "ஸ்லைடு ரெடியா? டீனும் வர்றாராம்."

அவள் தேதிகளைக் காட்டினாள். "வருஷ வருஷமாப் பிரிச்சு ஓட்டிப் பாக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"தற்செயலா இருக்கும், கொரின். மிலான் குழுக்காரங்களும் இதே கொத்தைத்தான் அடுத்த வாரம் அறிவிக்கப்போறாங்க. நீ நகத்தைக் கடிச்சிட்டு உட்காந்திரு, முதல் பேரை அவங்க தட்டிட்டுப் போகட்டும்."

"தப்பா இருந்தா அந்தப் பேர் எனக்கு வேணாம், வெண்டல்."

"உன் இஷ்டம். ரெண்டு அடிச்சதும் நான் பேச ஆரம்பிச்சிடுவேன்."

கணினி ஒவ்வொரு வருஷமாகத் துப்பியது. முதல் வருஷம் ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. வாங்கி வைத்த சாண்ட்விச்சை அவள் தொடவில்லை. ஒன்றேமுக்காலுக்கு ஆறாவது வருஷத்தின் கோடு மட்டும் தென்னை மாதிரி நின்றது. மீதியெல்லாம் தரை. அதையும் மாதமாகப் பிரித்தாள். மொத்த வெளிச்சமும் மூன்றே மாதம். அந்தத் திசையில் வேறு என்ன இருக்கிறது என்று பட்டியலைப் புரட்டினாள். கொத்துக்கு வெகு பின்னால், அதே நேர்க்கோட்டில், கருந்துளை வைத்திருக்கும் வேறொரு கேலக்ஸி அப்போது பொங்கி அடங்கியிருக்கிறது.

அவள் உள்ளே போனபோது வெண்டல் பேச ஆரம்பித்திருந்தார்.

"நிறுத்துங்க, வெண்டல். அது கொத்து இல்ல." டீன் பேனாவை மூடினார்.

அவள் நீட்டிய படத்தை வெண்டல் நெடுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு தன் ஸ்லைடை அணைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. முதல்லேருந்து சொல்லு."

அன்று மாலையே அந்தப் படத்தை அவர் மிலானுக்கு அனுப்பினார். அவர்களும் அறிவிப்பை நிறுத்திவிட்டார்கள். கொத்திலிருந்து கதிர் தெரியவில்லை, அப்படியே வந்தாலும் இந்த அளவுக்கு மேல் இருக்காது என்று கொரினின் கட்டுரை வந்தது. மூன்று ஊர்களும் கைவிரித்தன. வெண்டல் எப்படியோ பேசி அவளுடைய வேலையை எட்டு மாதம் நீட்டினார்.

அவள் அடுத்த கொத்தின் பதிவுகளைத் திறந்தாள், இந்த முறை தேதிவாரியாக.