போய்த் திரும்பும் பெட்டிகள்

“வித்துடுங்கப்பா! இப்பவே, இந்த நிமிஷமே வித்துடுங்க!”

மூன்றாவது முறையாகக் கத்தியதில் அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. அப்பா போனைக் கையில் பிடித்திருந்தாரே தவிர விரலை அசைக்கவில்லை. மேஜைக்கு எதிர்ப்பக்கம் மாமா, வாயில் போட்டதை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்துக்கொண்டிருந்தார். தான் அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்பதே அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஓவர்டைம் பார்த்ததற்குப் பதில் இன்றைக்கு அவருக்கு லீவு. அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், உட்கார்ந்ததுமே புலம்ப ஆரம்பித்தார்.

“முதுகே போச்சுக்கா. மாசக் கடைசி அன்னிக்கு நானூறு பெட்டி லாரியில ஏத்தினோம். இந்தத் திங்கட்கிழமை அதே நானூறையும் இறக்கினோம். ஏத்தறதுக்கும் ஓவர்டைம், இறக்கறதுக்கும் ஓவர்டைம். மகராசன் கம்பெனி!”

“அதே பெட்டின்னு எப்படி மாமா தெரியும்?” என்று அவள் கேட்டாள். அப்போது அவள் பயப்படக்கூட இல்லை.

“எங்க குடோன் பையன் நெட்டை ஒரு பெட்டி மேல டீயக் கொட்டிட்டானே! அந்தக் கறை ஜம்முனு ஊரச் சுத்திட்டு வந்து நிக்குது.”

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவள் மட்டும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

“இதுக்கு முன்னாடியும் இப்படி வந்திருக்கா?”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றதுதான். புது எம்.டி. வந்ததுலேருந்து இது மூணாவது வாட்டி. லேபிள் மாத்தணும், அதான் திரும்பி வருதுன்னு மேனேஜர் சொன்னாரு. நமக்கென்ன, தூக்குன்னா தூக்கறோம்.”

அங்கேதான் அவள் எழுந்து கத்த ஆரம்பித்தது. பங்குச் சந்தை மூட அப்போது இருபது நிமிடம் இருந்தது.

மாமா அந்தக் கம்பெனியின் குடோன் சூப்பர்வைசர். வேலைக்கு வருபவர்கள் விரல் வைத்து வருகையைப் பதிவு செய்யும் எந்திரம் தயாரிக்கிற சின்னக் கம்பெனி. ஒரு காலத்தில் தொள்ளாயிரத்துக்கு விற்ற பங்கு, நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து நூற்றுக்கு விழுந்து கிடந்தது. போன வருடம் புது எம்.டி. வந்தார். நஷ்டத்தில் ஓடிய பிரிவை மூடினார், கடனைக் குறைத்தார். அடுத்தடுத்து இரண்டு காலாண்டும் லாபம் என்று கணக்குக் காட்டினார். “கம்பெனி எழுந்துடுச்சு மச்சான், இப்ப வாங்கினாத்தான் உண்டு” என்று மாமா வந்து நின்ற சமயத்தில், அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடி இருபத்திரண்டு வருடத்துக்கான செட்டில்மென்ட் ஆறு லட்சம் கைக்கு வந்திருந்தது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பழைய லேத் எந்திரம் வாங்கி, ஷெட் பிடிக்க வேண்டும். அதற்கு எட்டு லட்சம் ஆகும். இரண்டு லட்சம் துண்டு விழுந்தது.

அப்பா யார் பேச்சையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை. மகளிடம் கொடுத்தார். பதினேழு வயதுதான், ஆனால் கணக்கில் புலி. வீட்டில் அவளுக்குப் பெயரே ஆடிட்டர். மூன்று வாரம் அவள் அந்தக் கம்பெனியின் அறிக்கைகளைக் கரைத்துக் குடித்தாள். விற்பனை, கடன், லாபம், இதே தொழிலில் இருக்கும் மற்ற கம்பெனிகளின் விலை எல்லாம் ஒரு நோட்டில் நாற்பது பக்கம் எழுதினாள். ஒரே ஓர் இடம் உறுத்தியது. லாபம் மூன்று கோடி என்றார்கள். ஆனால் கையில் வந்த பணம் குறைந்துகொண்டே போனது, டீலர்களிடம் நின்ற பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது. சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டாள். போட்டுவிட்டு, இணையத்தில் எவனோ எழுதியிருந்ததை நம்பி, பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள்: ‘வளர்கிற கம்பெனிக்கு இது சகஜம்.’

நூற்றிருபதுக்கு ஐயாயிரம் பங்கு வாங்கினார்கள். இன்றைக்கு விலை நூற்றைம்பத்தைந்து; எட்டு லட்சத்தைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி.

“பெட்டி குடோனை விட்டு வெளிய போனா வித்தாச்சுன்னு எழுதிக்கிறாங்கப்பா. மூணு மாசக் கணக்கு முடிஞ்சதும் திரும்ப வாங்கி வச்சுக்கிறாங்க. விக்கவே இல்லை! அதான் பணம் வரல. எல்லாமே பொய்!”

“அடியேய், வாய அடக்கு” என்றார் மாமா. “பதினஞ்சு வருஷமா சோறு போடற கம்பெனி. நாலு பக்கம் படிச்சுட்டுத் திருடன்னு சொல்லுவியா?”

“நீங்கதானே தூக்கினீங்க! உங்க முதுகுதானே போச்சு! மூணு வாரம் இதே மேஜையில உக்காந்து எழுதினேன். எதிர்ல உக்காந்து டீ குடிச்சீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“நீ கேட்டியா? கடன் எவ்வளவு, லாபம் எவ்வளவுன்னு பேப்பரத்தான் பாத்தே. குடோன்ல என்ன நடக்குதுன்னு ஒரு நாளாவது கேட்டியாடி, பெரிய ஆடிட்டர்?”

அது சுரீரென்று தைத்தது. கேட்கவில்லைதான். சுமை தூக்குகிறவருக்கு என்ன தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவமானத்தில் முகம் எரிய, இன்னும் ஆங்காரமாகக் கத்தினாள்.

அப்பா மேஜையில் ஓங்கி அறைந்தார். தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

“நிறுத்துங்க ரெண்டு பேரும்! வாங்குங்கன்னு ஒருத்தி, எழுந்துடுச்சுன்னு ஒருத்தன். என் இருபத்திரண்டு வருஷம் உங்களுக்கு விளையாட்டா இருக்கா?” மாமாவின் பக்கம் திரும்பினார். “மாப்ள, அந்தப் பெட்டி திரும்பி வந்தது சத்தியம்தானே?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். “சத்தியம்தான்.”

“அப்ப விக்கறேன்.”

அப்பா திரையைத் தொட்டார். இந்த விலைக்கு வாங்கக் காத்திருப்பவர்களின் பட்டியல் வந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். வழக்கமாக ஐந்நூறு, ஆயிரம் என்று நிற்கும் இடத்தில் பொடிப்பொடியாக எண்கள். நாற்பது. பன்னிரண்டு. முப்பத்தைந்து. ஏழு.

“ஏழு பங்கு யாருப்பா வாங்குவாங்க?” என்றாள், குழப்பத்தோடு.

மாமாவின் முகம் வெளுத்தது. அம்மாதான் முதலில் கவனித்தாள். “என்னடா? எதையோ முழுங்கறே. சொல்லித் தொலை.”

“அவ நோட்ட... போட்டோ எடுத்து எங்க குடோன் பசங்க குரூப்புல போட்டேன்க்கா. என் அக்கா பொண்ணு எழுதினதுன்னு. பெருமையாத்தான் போட்டேன். இன்னிக்கு ஓவர்டைம் காசு வந்திருக்கும். வந்ததும் வாங்கறோம்னாங்க. நெட்டை முப்பதோ நாப்பதோ வாங்கறேன்னான்.”

“நாற்பது பக்கமும் போட்டீங்களா?”

“கடைசிப் பக்கம் மட்டும்தான். ‘தாராளமா வாங்கலாம்’னு எழுதியிருந்தியே, அது.”

அவள் மேஜையில் கிடந்த அந்த நோட்டை எடுத்துச் சுவரில் வீசியடித்தாள். அது பிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்தது. பொய்ப் பெட்டியைத் தூக்கிச் சம்பாதித்த காசு, பொய்ப் பெட்டிக்கே போய்ச் சேரப் போகிறது. நடுவில் அவள் கையெழுத்து.

“முதல்ல அந்தப் பசங்களுக்குப் போன் போட்டு வாங்காதீங்கன்னு சொல்லுடா” என்று அம்மா தம்பியை அதட்டினாள். “போடு, உடனே.”

மாமா சட்டைப்பையில் கையை விட்டார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடவில்லை. சுவர்க் கடிகாரப்படி சந்தை மூட இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.

கோபம் வடிந்துபோன குரலில், மனைவியிடம் அல்ல, மைத்துனனிடமும் அல்ல, அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

“சொல்லிடலாம். ஒண்ணு விடாம எல்லார்கிட்டயும் சொல்லிடலாம். சொன்னா விஷயம் பரவிடும். அப்புறம் நம்மளோடதை யாரும்மா வாங்குவா?”