வெளியூர் மூக்கு

மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிய ஆரம்பித்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தீ இந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புகை மட்டும் வந்து, கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் எல்லோரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், ஜன்னலில் ஈரத் துணி தொங்கவிட்டார்கள். அப்புறம் மூக்கு பழகிப்போய்விட்டது. நெஞ்சு பழகவில்லை, அது தன் பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது.

ட்ரினிட்டி மலையில் தீக்காலத்தில் யாரும் தன் மூக்கை நம்புவதில்லை. கடற்கரைப் பக்கமிருந்து யாராவது வந்து இறங்கினால் போதும், காபி கொடுப்பதற்கு முன்னால் துவைத்த போர்வையை நீட்டி, "இதைக் கொஞ்சம் மோந்து பாரு, புகை நாத்தம் அடிக்குதா?" என்று கேட்பார்கள். வந்தவரும் கூச்சப்படாமல் முகத்தைப் புதைத்து மோந்துவிட்டு உள்ளதைச் சொல்லுவார். போர்வை, ரொட்டி மாவு, குழந்தையின் தலை, எதை வேண்டுமானாலும் நீட்டலாம். நீட்டினால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

லார்க் அன்று அப்படி ஒரு வெளியூர் மூக்கோடுதான் வீடு திரும்பினாள். கடற்கரை ஊரான யுரேக்காவில் அவள் அக்கா ஃபெர்னுக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தார்கள். ஒரு வாரம் கூட இருந்து சூப் காய்ச்சிக் கொடுத்து, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், அக்காவின் வசவையும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஹிப்பிகளாகத் தலையில் பூச்சூடிக்கொண்டு மலையேறிய அப்பா அம்மா, ஒருத்திக்குச் செடியின் பெயரையும் ஒருத்திக்குப் பறவையின் பெயரையும் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெயர்களை ஆஸ்பத்திரியில் நிஜப் பெயர்தான் என்று நம்பவைப்பதற்குள் இவர்களுக்கு ஆயுசு போய்விடும்.

உடம்பு யுரேக்காவில் இருந்ததே தவிர, மனசு முழுக்க ஹாலிஸ் மேல்தான் இருந்தது. ஹாலிஸ் அவள் கணவன். இருபது வருஷமாகக் கஞ்சா பயிரிடுகிறவன். முதலில் ஒளிந்து ஒளிந்து, அப்புறம் லைசென்ஸ் வாங்கி, லைசென்ஸ் வாங்கியபின் இன்னும் கஷ்டப்பட்டு. அவனே இனம் கலந்து உருவாக்கிய ஒரு ரகம் உண்டு. முதல் நாற்றைத் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தூங்கிய ஆட்டின் பெயரை அதற்கு வைத்தான்: மெர்டில். பூவைக் கசக்கினால் பம்ப்ளிமாஸ் தோலும் மிளகும் மழை நனைத்த பைன் மரமும் சேர்ந்து அடிக்கும். அந்த மணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் வாய் ஓயாது.

இந்த வருஷம் அறுவடை நேரத்தில் புகை இறங்கிவிட்டது. பூவை மொத்தமாக வாங்கும் கம்பெனிக்காரன் வந்து ஒரு பூவை முகர்ந்துவிட்டு, "சாரி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். ஒரு வருஷத்து உழைப்புக்கு அந்த ஒரு வார்த்தை. அன்று படுத்தவன்தான் ஹாலிஸ். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான், சாப்பிடவில்லை, பேசவில்லை. ஒருநாள் ஷெட்டுக்குள் கதவை எல்லாம் சாத்திக்கொண்டு ட்ரக்கில் உட்கார்ந்திருந்தான். நல்லவேளை, இஞ்சின் ஓடவில்லை; ஓடியிருந்தால் மூடிய ஷெட்டில் அந்தப் புகையே ஆளை முடித்திருக்கும். "எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டதற்கு, "எங்கயும் இல்ல" என்றான். லார்க் ட்ரக் சாவியை வாங்கி ஒளித்து வைத்தாள். அக்காவுக்கு ஆபரேஷன் என்று போகவேண்டி வந்தபோது, பக்கத்துத் தோட்டத்து ஓடெல் கிழவரிடம் போய்க் கெஞ்சினாள்.

"அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்குங்க. தனியா விடாதீங்க."

"நீ போயிட்டு வாம்மா. எனக்கும் வீட்ல பேச்சுத்துணைக்கு நாய் மட்டுந்தான். அதுவும் இப்பல்லாம் பதில் சொல்றதில்ல," என்றார் ஓடெல்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. தீப் பிடிப்பதற்கு முன்பே ஹாலிஸ் கொஞ்சம் செடிகளை அறுத்துப் பச்சையாகவே உறையவைத்திருந்தான். பூ காய்ந்தால் அதன் முதல் மணம் பறந்துவிடும், பச்சையாக உறையவைத்தால் பூட்டிவைத்த மாதிரி அப்படியே இருக்கும். ஃப்ரீசரில் இருந்த அந்த மூட்டைகளில் புகை படவில்லை. கடற்கரையில் ஆர்கேட்டாவில் ரோவெனா என்று ஒரு அம்மாள் வாசனைகள் கலந்து விற்பவர். "மெர்டிலோட மணத்தை மட்டும் எடுத்துக் கொண்டாங்க. சுத்தமா இருந்தா வருஷா வருஷம் நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அது நடந்துவிட்டால் கம்பெனிக்காரன் வாசலில் நிற்கவேண்டாம். நடக்காவிட்டால் இந்த மலையில் அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. ஹாலிஸ் என்று ஒருவன் இருப்பானா என்பதே லார்க்கின் பயம்.

வீட்டு வாசலில் இறங்கினபோது புகை தொண்டையில் கத்தியாகக் குத்தியது. கதவைத் திறந்தவன் ஹாலிஸ். முகம் மழித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றான். அவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டாள்.

"வா வா, பையை அப்புறம் எடுத்துக்கலாம். யாரையும் தொடாத, எதையும் திங்காத. நேரா சமையல்கட்டுக்கு வா."

சமையல்கட்டில் செம்புப் பானை அடுப்பின் மேல் இருந்தது. அடியில் தண்ணீர் கொதிக்கும், மேலே தட்டில் பூ இருக்கும். ஆவி பூவுக்குள் புகுந்து மணத்தைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியாகப் போய், பனிக்கட்டி வாளியில் குளிர்ந்து சொட்டும். சொட்டிய தண்ணீரின் மேல் மெல்லிசாக எண்ணெய் மிதக்கும். ஒரு மூட்டைப் பூவுக்கு ஒரு மருந்துச் சீசா நிறைந்தால் அதிர்ஷ்டம். ஓடெல் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, தானே அதைப் பெற்றெடுத்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"உம் புருஷன் பனிக்கட்டி தூக்கித் தூக்கி எம் முதுகை ஒடச்சிட்டான்," என்றார்.

ஹாலிஸ் சின்னச் சீசாவை எடுத்தான். "கிழவருக்கும் செத்த மூக்கு, எனக்கும் செத்த மூக்கு. நாங்க ரெண்டு பேரும் சேந்து சொர்க்கம்னு சொன்னா அதுக்கு என்ன மதிப்பு? அதான் ஒரு மூட்டையோட நிறுத்திட்டேன். மிச்சம் அப்படியே ஃப்ரீசர்ல இருக்கு. நீ வந்து மோந்து சொன்னாத்தான் கை வைக்கிறதுன்னு இருக்கேன்."

மூடியைத் திறந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தான்.

தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் சாம்பல். அதுதான் முதலில் அடித்தது, அதுதான் கடைசியிலும் நின்றது. நடுவில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி பம்ப்ளிமாஸ் தோல் லேசாக வந்துபோனது. புகை படாத பூவில் புகை எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஹாலிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மழித்த கன்னத்தில் பிளேடு கீறிய இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்தக் கண்களில் எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஆள் இருந்தான்.

"மெர்டிலேதான்," என்றாள் லார்க்.

"புகை?"

"இல்ல."

"நெசமா?"

"அதான் சொல்றேன்ல."

அவன் ஓடெல்லின் முதுகில் ஓங்கி அறைந்தான். கிழவர் அவனை ஆசை தீர வைதார். கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய பொய் என்றுகூட அந்த நிமிஷம் லார்க்குக்குத் தோன்றியது. அதற்குள் ஹாலிஸ் ஃப்ரீசரைத் திறந்து அடுத்த மூட்டையைத் தூக்கிவிட்டான்.

"இன்னிக்கேவா?" என்றாள்.

"பின்ன? இனி எதுக்குக் காத்திருக்கணும்?"

"நாளைக்குப் பாத்துக்கலாமே. நான் இப்பத்தான் வந்தேன். மறுபடி ஒரு தடவ நிதானமா மோந்து..."

"நீ சொன்னா போதும்மா. உன் மூக்கு எப்பவும் தப்பாச் சொன்னதில்ல."

சொல்லியிருக்கலாம். சொல்லுவதற்கு வாய் இருந்தது, நேரம் இருந்தது. ஓடெல்கூட ஒருதரம் எழுந்து நாயைப் பார்க்கப் போய்விட்டு வந்தார். அந்தப் பத்து நிமிஷம் சமையல்கட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். ஹாலிஸ் முற்றத்துத் தொட்டித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றிக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். அவளோ, நாற்றம் தன் சட்டையில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், வழியெல்லாம் புகைதானே என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவன் இரண்டு தட்டு பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டான். அந்தத் தட்டைப் பிடுங்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

நடுராத்திரிக்கு மேல் கடைசி மூட்டையும் வெந்து முடிந்தது. சாறெல்லாம் போன பூவை, அவித்த கீரை மாதிரி வாளியில் அள்ளி எருக்குழியில் கொட்டினார்கள்.

காலையில் லார்க் எழுந்ததும் முதல் வேலையாகச் சீசாவைத் திறந்தாள். பம்ப்ளிமாஸ். மிளகு. மழை நனைத்த பைன். சாம்பலைக் காணோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நேற்றுத் தான் நினைத்ததுதான் தப்பு, களைப்பில் மூக்கு ஏமாற்றிவிட்டது, கடவுள் ஒருவர் இருக்கிறார். இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தவளுக்கு, ஒரு ராத்திரிப் புகையில் தன் மூக்கும் செத்துவிட்டது என்பது தெரியாதா? தெரியும். தெரிய விருப்பமில்லை.

மலையிறக்கத்தில் ஹாலிஸ் ட்ரக்கை ஓட்டினான். சீசாக்களைத் துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்திருந்தான். அடுத்த வருஷம் வடக்குச் சரிவில் முழுக்க மெர்டில்தான், பெரிய பானை ஒன்று வாங்கவேண்டும், கிழவருக்கு ஒரு நல்ல நாற்காலி என்று பேசிக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் புகை சட்டென்று விலகி நீல வானம் தெரிந்தது. ஜன்னலை இறக்கி, கடல் காற்றை வாய் நிறையக் குடித்தான். லார்க் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆர்கேட்டா வருவதற்குள் அந்தத் துண்டுக்குள்ளிருந்து ஏதோ கசிய ஆரம்பித்தது. அது என்ன என்று அவள் மூக்கு சொல்லச் சொல்ல, அவள் கேட்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

ரோவெனா மெதுவாகப் பேசுகிற மனுஷி. காகிதப் பட்டையைச் சீசாவில் தொட்டு ஒருமுறை முகர்ந்தார். அதை ஓரமாக வைத்தார். இரண்டாவது சீசா. மூன்றாவது. அப்புறம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"நெருப்பு உங்க வீட்டுப் பக்கம் வந்துச்சா ஹாலிஸ்?"

"இல்லைங்க. இது நெருப்புக்கு முன்னாடி அறுத்த பூ. ஒரு துளி புகை பட்டதில்ல."

"இதுல இருக்கு."

"இருக்காதுங்க." அவன் சிரித்தான். "எங்க மூக்கை நாங்க நம்பல. லார்க் ஒரு வாரம் யுரேக்காவுல இருந்துட்டு நேத்துத்தான் வந்தா. சுத்தமான மூக்கு. மொத சீசாவை அவதான் பாத்தா. அவ சரின்னு சொன்னப்புறந்தான் மிச்சத்தையே தொட்டேன். கேளுங்க."

ரோவெனா லார்க்கைப் பார்த்தார். கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"பானைக்குத் தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஊத்து வத்திப்போச்சு. முற்றத்துத் தொட்டியிலேருந்து. வடிகட்டினேன், கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"மூடாத தொட்டியா?"

மூன்று வாரமாக வானத்திலிருந்து உதிர்ந்த சாம்பல் அந்தத் தொட்டியில்தான் ஊறிக்கொண்டிருந்தது.

"பூ நல்ல பூ, அது தெரியுது," என்றார் ரோவெனா. "ஒரு மூட்டையோட நிறுத்தியிருந்தா போதும். கடைத் தண்ணி வாங்கி ஊத்தியிருந்தா மிச்சமெல்லாம் பொழச்சிருக்கும். இனிமே இதை ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

ஹாலிஸ் முதல் சீசாவை எடுத்து முகர்ந்தான். கடல் காற்று அவன் மூக்கையும் திறந்துவிட்டிருந்தது. பிறகு மூடியைப் பதனமாகத் திருகி, அந்த அம்மாளுக்கு நன்றி சொன்னான்.

ட்ரக்கில் ஏறி உட்கார்ந்தும் கிளப்பவில்லை. கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. தெருவில் சனங்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனார்கள்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினாள். வாய்க்கு வந்தபடி திட்டட்டும், சீசாவைத் தூக்கி எறியட்டும், இறங்கி நடந்துவிடு என்று சொல்லட்டும். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபமே இல்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் சுவரைப் பார்த்துக் கிடந்தவனின் முகம் அது.

"என்னைப் பாத்தா அவ்ளோ பயமா இருந்துச்சா?"

லார்க்குக்கு இந்தத் தடவை பொய் வரவில்லை.

"ஆமா," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கண்ணாடியைப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுத்து, மலைப் பக்கம் திருப்பினான். நீல வானம் தெரிந்த அந்த வளைவில் புகை மறுபடி மூடிக்கொண்டது. அவன் ஜன்னலை ஏற்றவில்லை, லார்க்கும் அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.