தொண்ணூற்று மூன்று

பழைய கார்களின் கண்காட்சி மைதானத்தில் கார் சீட் தைக்கும் அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. கணவரோ துணியும் கையுமாகக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மெக்கானிக்கான அவரை ஊரே பளபளா என்றுதான் கூப்பிடும். கையில் கிடைத்ததைத் தேய்த்து மினுக்காமல் கீழே வைக்க மாட்டார்.

ஓடாமல் கிடந்த அந்த நீலக் காரை இருவருமாக மூன்று வருஷம் பாடுபட்டுப் பழையபடி ஆக்கியிருந்தார்கள். சண்டை வந்ததெல்லாம் சீட்டால்தான். "புதுத் தோல் போட்டா ஜம்முன்னு இருக்கும்" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவள் மசியவில்லை. பழைய துணியைக் கழற்றித் துவைத்து, நைந்த இடத்துக்கு மட்டும் உள்ளே ஒட்டுக் கொடுத்து, அதே ஊசித் துளைகளின் வழியாகவே திரும்பத் தைத்தாள். அந்த ஒரு மாதமும் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் போட்டி நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைமை நடுவர் ஒரு குள்ளமான அம்மாள். கையில் டார்ச்சும், காரின் அடியைப் பார்க்க நீளக் காம்பில் பொருத்திய கண்ணாடியும்.

"நூறுல ஆரம்பிப்போம். கம்பெனியிலேருந்து வந்தப்போ இருந்த மாதிரி இல்லாததுக்கெல்லாம் குறைப்போம்" என்றார்.

விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது. பளபளா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பானெட்டைத் திறந்தார். உள்ளே முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"பேட்டரி தாங்கி வெள்ளியா மின்னுதே? அன்னிக்கு இதுக்குக் கறுப்பு பெயின்ட்தானே?" என்றார் அம்மாள்.

"மின்னினா நல்லா இருக்குமேன்னு..."

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு மார்க் போச்சு."

என்ஜினைத் தேய்த்துத் தேய்த்து அதன் சொரசொரப்பே காணாமல் போனதற்கு நான்கு. டயர் அளவு மாறியதற்கு ஒன்று. பளபளாவின் முகம் சுண்டிப்போனது. 'அன்னிக்கே சொன்னேனே' என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

பிறகு அம்மாள் பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு, சீட்டின் அடியில் டார்ச் அடித்தார். விரலால் தையலைத் தடவினார்.

"அந்தக் காலத்துத் துணியேதானா இது? யார் தச்சது?"

அவள் வாய் திறப்பதற்குள் பளபளா முந்திக்கொண்டார். "என் வீட்டுக்காரிதாங்க! நான் பிச்சு எறியச் சொன்னேன், கேக்கவே இல்ல. நல்லவேளை!"

நடுவர்கள் சிரித்துவிட்டார்கள். சீட்டில் ஒரு மார்க்கும் குறையவில்லை.

மாலையில் தொண்ணூற்று மூன்று மார்க்கோடு மூன்றாம் பரிசு கிடைத்தது. மேடையை விட்டு இறங்கியதும் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் சீட்டுக்கு நடுவரா வாங்களேன். ஒண்ணு மட்டும், நடுவர் வீட்டுக் கார் போட்டியில நிக்கக் கூடாது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"போட்டியில இல்லாம சும்மா நிறுத்தினா தேய்க்கலாமாங்க?"

"தாராளமா. யாரு மார்க் குறைக்கப் போறா?"

"அப்பச் சரி. நீ போ" என்றார் மனைவியிடம்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யார் யார் காரில் எந்தத் தையல் கோணல் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் "அப்படியா!" போட்டபடி, அவர் வேண்டுமென்றே சுற்றுவழியில் காரை விட்டார்.