கார்த்திகையில் கழற்றிய கண்டன்சர்

ரங்காத்தாள் மரியாதையாகப் பேசியே ஆளைக் கூறு போடுவாள். "ங்க" போடாமல் ஒரு பேச்சு வராது. பெருமாநல்லூரில் அவளுடைய எட்டு லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்த தெற்கத்திக்காரி நாகஜோதிக்கு அந்த மரியாதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வாடகையோடு கரண்டும் சேர்த்தி. அதனால் கார்த்திகை பிறந்ததும் ரங்காத்தாள் எலக்ட்ரீசியன் லிங்கசாமியை அனுப்பி, எட்டு வீட்டு ஃபேனிலும் கண்டன்சரைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வாள். அது இல்லாவிட்டால் ஸ்விட்சைப் போட்டாலும் ஃபேன் தானாகக் கிளம்பாது. மாசி கடைசியில்தான் திரும்ப மாட்டுவது. பனிக்காலத்தில் எவருக்கு ஃபேன் வேண்டும் என்பது அவள் கட்சி. அவள் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்திருந்தது. லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்ததோ சாக்கடையும் மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியும். போன வருஷம், இரண்டாயிரத்து ஆறில், சிக்குன்குனியா வந்து நாகஜோதியின் நாலு வயது மகள் அனுசுயா பதினைந்து நாள் எழுந்து நடக்கவில்லை. அந்தப் பதினைந்து நாளை நாகஜோதி மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இந்தக் கார்த்திகையிலும் லிங்கசாமி வந்து கழற்றிப் போனான். ஆனால் நாகஜோதி தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் மெக்கானிக்கிடம் ஒரு விஷயம் கேட்டு வைத்திருந்தாள். கண்டன்சர் இல்லாத ஃபேனுக்கு ஸ்விட்சைப் போட்டு, இறக்கையைக் கம்பால் ஒரு தள்ளு தள்ளினால் அதுபாட்டுக்குச் சுற்றும். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். காற்று மேலே போய்ச் சுவரோரமாக இறங்கியது. சித்திரை வெயிலுக்கு இது உதவாது. இப்போது பிள்ளைக்குச் சில்லென்று அடிக்கவில்லை, கொசுவும் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரங்காத்தாள் வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க நாகஜோதி, பனி கொட்டற காலத்துல ஃபேன் கேக்குதுங்களா?"

"கொசுவுக்குப் போட்டிருக்கேன்."

"கொசுவுங்களா? ஒண்ணு காட்டுங்க, பாக்கலாம்." உள்ளே வந்து ஃபேனுக்கு நேர் கீழே நின்றாள். "காத்தே வரலீங்க. சும்மா சுத்தறதுக்கு என்ற ஊட்டுக் கரண்டுங்களா?"

நாகஜோதி ஸ்விட்சை அணைத்தாள். பிள்ளையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா. காட்டுதேன்."

பின்வாங்கினால் கேவலம் என்று ரங்காத்தாள் பாயில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கிற நேரம். இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டன. முழங்கை, கழுத்து, கெண்டைக்கால் என்று ஓரிடம் விடவில்லை. அடித்தால் தோற்றதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கடைசியில் கன்னத்தில் ஒன்று கடிக்க, தன் கன்னத்தில் தானே பளாரென்று அறைந்துகொண்டாள். வாசலில் சிரிப்புக் கிளம்பியது.

"ரொம்ப நல்லதுங்க" என்று எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் லிங்கசாமி ஒரு பை நிறைய கண்டன்சரோடு வந்தான். ஏழு வீட்டுக்கும் மாட்டினான். எட்டாவதாக நாகஜோதி வீட்டுக்குள் ஏணியோடு நுழைந்து, ஃபேனையே கழற்றித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அம்மா சொன்னாங்கக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் ஏழு வீட்டிலும் ஃபேன் ஓடியது. நேற்றுச் சிரித்தவர்களில் ஒருத்தி கூட அவளை உள்ளே கூப்பிடவில்லை. நாகஜோதி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு மருதம்மாளின் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டாள்.

"வீட்டுக்காரம்மா பாத்தா எங்களையும் காலி பண்ணச் சொல்லிரும், நாகஜோதி" என்று மருதம்மாள் இழுத்தாள்.

"சொல்லட்டும். இது நான் வாங்கிக் குடுத்த காத்து. தள்ளிப் படுங்க மதினி."