லிஃப்ட்காரரின் நாலு நிமிஷம்

சினிமாக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அரை ஸ்டார்'. நாளிதழில் இருபத்திரண்டு வருஷமாக விமர்சனம் எழுதுகிறார். இத்தனை வருஷத்தில் எந்தப் படத்துக்கும் முழுசாக நட்சத்திரம் கொடுத்ததில்லை. மூன்று கொடுக்க மனசு வந்தால் இரண்டரை, இரண்டு என்றால் ஒன்றரை. எதிலாவது அரையைப் பிடுங்கினால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். நாக்கில் நரம்பே கிடையாது. ஒரு புதுமுகத்தின் அழுகையை 'ஜலதோஷம்' என்று எழுதினார். அந்தப் பெண் அதற்கப்புறம் நடிக்கவே வரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பெரிய மனுஷனுக்கு ஒரு தம்பி. அவன் நடிகன். நடிகன் என்றால் போஸ்டரில் நிற்கிறவன் இல்லை, தரையில் கிடக்கிறவன். பதினான்கு வருஷமாகப் பிணமாகவே நடித்தான். இமை ஆடாமல், மூச்சு தெரியாமல் கிடப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று உதவி இயக்குநர்கள் தேடி வந்து கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு அதுதான் அவமானம். கோர்ட்டில் சாட்சிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முப்பது வருஷம் தொண்டையால் பிழைத்தவர் அவர். சின்னவன் சாப்பிட வந்து உட்கார்ந்தால், "எந்திரிச்சு வந்துடுச்சா பொணம்?" என்று அவன் பெண்டாட்டியிடம், அதாவது மருமகளிடம், கேட்பார். மகனிடம் நேராகப் பேசிப் பதினொரு வருஷம். ஒரே வீடு, ஒரே கூடம், பேச்சு மட்டும் கிடையாது.

அப்படிப்பட்டவனுக்கு வசனம் கிடைத்துவிட்டது! பெரிய ஹீரோ படம். வணிக வளாகம் ஒன்றைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்து, உள்ளே இருந்த நாற்பது பேரைப் பணயக்கைதிகளாக வைத்துக்கொள்கிறார்கள். ஹீரோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து காப்பாற்றுகிறார். வேறென்ன செய்வார்? தம்பிக்கு லிஃப்ட் இயக்குபவர் வேஷம். அண்ணனுடைய அலுவலகத்துக்கே ஓடி வந்து சொன்னான்.

"நாலு நிமிஷம்ணே! ஒரே ஷாட். மூஞ்சி மட்டும்தான். பேசிக்கிட்டே இருக்கேன்."

"சரி, சரி. மெதுவாப் பேசு. நாலு பேரு பாக்குறாங்க."

"அப்பாவும் வர்றேன்னுட்டாருண்ணே. எம் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்காரு. 'அவன் வாயத் திறக்கட்டும், நானும் திறக்குறேன்'னு. ஞாயித்துக்கிழமை மதியக் காட்சி. நீயும் எங்ககூட வரணும்."

தம்பி வேறு எதுவும் கேட்கவில்லை. 'என்னைப் பற்றி ஒரு வரி எழுது' என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முறைத்து அனுப்பியிருக்கலாம், அதற்கும் வழி வைக்கவில்லை அந்தப் பாவி.

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகையாளர் காட்சி. இடைவேளை வரைக்கும் வழக்கமான கூத்து. அரை ஸ்டார் கொட்டாவி விட்டபடி நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தார். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. துப்பாக்கிக்காரன் லிஃப்ட்காரரிடம் போனை நீட்டி, பெண்டாட்டியிடம் கடைசியாகப் பேசிக்கொள் என்கிறான். அவர் பேசுகிறார். சாகப்போகிறேன் என்று சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடாதே, தொட்டி நிரம்பி வழியும் என்கிறார். பின்கதவுத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போடு என்கிறார். சின்னவளுக்கு ஷூ கடிக்கிறது, பஞ்சு வைத்து அனுப்பு என்கிறார். அப்புறம் சொல்ல எதுவும் இல்லாமல், "வேற ஒண்ணுமில்ல, வேற ஒண்ணுமில்ல" என்று போனைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்.

அரை ஸ்டாரின் பேனா நின்றது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அட, நம்ம வீட்டுப் பிணமா இது என்று ஆச்சரியமும் சந்தோஷமும் நெஞ்சில் பொங்கின. அதை அப்படியே விட்டிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார்.

பக்கத்து நாற்காலியில் சேனல்காரன். விமர்சனத்தை வீடியோவாகப் பேசி, இவரைவிட நூறு மடங்கு பேரைச் சேர்த்து வைத்திருக்கிறவன். அவன் குனிந்து இவர் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சார், கண்ணு கலங்குது? ஓ... உங்க தம்பியா அது! பாசம் சார், பாசம். இந்த வாட்டி முழு ஸ்டார்தான்."

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிச் சிரித்தார்கள். அவ்வளவுதான். அவருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வெளியே வந்ததும் டீகூடக் குடிக்காமல், வாசலில் ஒதுங்கி நின்று போனிலேயே தட்டினார். அவருடைய விமர்சனங்களுக்கெல்லாம் ஒரே வால் உண்டு: 'இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்.' எந்தப் படமானாலும் அந்த வரி இருக்கும். இதுவரை எவனும் அதைக் கேட்டு எதையும் வெட்டியதில்லை. இன்றைக்கு அதைக் கொஞ்சம் கூர்மையாகத் தீட்டினார். 'லிஃப்ட்காரர் போனில் குடித்தனம் நடத்தும் அந்த நாலு நிமிஷத்துக்கு மட்டும் கத்தரி போட்டால் படம் பிழைக்கும். பணயக்கைதிகள் நாற்பது பேர் இல்லை, தியேட்டரில் நாம்தான்.' இப்போது எவன் வந்து பாசம் என்று சொல்வான், பார்க்கலாம்!

சாயங்காலத்துக்குள் அந்த வரி பறந்தது. சேனல்காரனே அதை எடுத்துப் பேசி, விழுந்து விழுந்து சிரித்தான். லிஃப்ட்காரர் முகத்தில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிப் படம் போட்டார்கள். எல்லா விமர்சனத்திலும் இடைவேளைக்குப் பிறகு தொய்வு, தொய்வு, தொய்வு. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள்.

மறுநாள் காலை தம்பி போன் செய்தான். அரை ஸ்டார் எச்சிலை விழுங்கிக்கொண்டு எடுத்தார்.

"அண்ணே, படிச்சேன். பேரு போடலைன்னாலும் லிஃப்ட்காரர்னு போட்டியே, அது நான்தானே? முதல் தடவை பேப்பர்ல வந்திருக்கேன். திட்டுதான், இருக்கட்டும். அப்பா சினிமாப் பக்கம் படிக்க மாட்டாரு, பயமில்ல. நாளைக்கு மறந்துடாதே."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வலித்தது, ஆனால் அவர் ஒன்றும் செய்யவில்லை. மதியம் தயாரிப்பாளரின் அறிக்கை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. 'விமர்சகர்களின் மேலான கருத்தை ஏற்று, படத்தின் நீளம் ஏழு நிமிடம் குறைக்கப்பட்டு, நாளை முதல் விறுவிறுப்பான வடிவில்.' பயந்துபோன தயாரிப்பாளர் இவர் காட்டிய இடத்திலேயே கைவைத்துவிட்டார். அரை ஸ்டார் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். தம்பிக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தார். சொன்னால் அவன் என்ன கேட்பான்? வைத்துவிட்டார். எல்லாத் தியேட்டருக்கும் அதற்குள்ளாகவா புதுப் பிரதி போய்ச் சேரப்போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிறு மதியம் ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நடுவில். ஒரு பக்கம் அரை ஸ்டார். மறுபக்கம் மருமகள், அவள் மடியில் பேத்தி, கடைசியில் தம்பி. இடைவேளை முடிந்தது.

"இப்பதான் மாமா, இப்பதான்" என்று மருமகள் மாமனாரின் கையைத் தட்டினாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காது மடலைக்கூடக் கையால் முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டார், மகன் குரல் ஒரு சொல் தப்பிவிடக் கூடாதாம்.

திரையில் துப்பாக்கிக்காரன் போனை நீட்டினான். டுமீல். லிஃப்ட் கதவு திறந்தது, தரையில் தம்பி கிடந்தான். இமை ஆடவில்லை, மூச்சு தெரியவில்லை. ஹீரோ அவனைத் தாண்டிக்கொண்டு ஓடினார். தியேட்டர் கைதட்டியது.

"அப்பா எப்பப் பேசுவாங்க?" என்றது குழந்தை. படம் முடிகிற வரைக்கும் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், இனி எங்காவது வரும் என்பதுபோல. மருமகள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வெளியே வெயில். வண்டிகள் நிற்கும் இடத்தில் அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நல்ல விறுவிறுப்பு. ஒரு இடம் தொய்வில்ல."

தம்பி முன்னால் வந்து நின்றான்.

"வெட்டிட்டாங்கப்பா. நாலு நிமிஷம் இருந்துச்சு. சத்தியமா பேசுனேன். அண்ணன் பாத்துருக்காரு. அண்ணே, நீ சொல்லேன்!"

அப்பா அவனைப் பார்க்கவில்லை. பெரியவன் பக்கம் திரும்பினார். சாட்சியைக் கூப்பிடுகிற அதே குரல்.

"நீ ஒருத்தன்தான் யாருக்காகவும் பொய் எழுத மாட்டே. சொல்லு. நெசமா இருந்துச்சா? நல்லா செஞ்சானா?"

அரை ஸ்டாருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நின்றுபோன பேனா, கண்ணீர், "வேற ஒண்ணுமில்ல" என்று தம்பி நின்ற நிலை. நல்லா செஞ்சான் என்றால் அடுத்த கேள்வி என்ன என்றும் தெரிந்தது: அப்புறம் ஏன் வெட்டச் சொல்லி எழுதினாய்? தம்பி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகளும்.

"இருந்துச்சுப்பா" என்றார். "சுமார்தான். அதான் எடுத்துட்டாங்க."

அப்பா தலையாட்டினார், நினைத்தது சரியாகப் போனதுபோல. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அரை ஸ்டார் தாங்கியிருப்பார். அவன் முகத்தில் வெட்கம்தான் இருந்தது.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். "எனக்குத்தான் தெரியல."