மூன்றாவது பாத்தி

வாடகைக்கு வந்த அன்றே ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையை உடைக்கக் கூடாது. தையல்காரி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். உடைக்கத்தானே கூடாது, மேலே கட்டினால் யார் என்ன கேட்பார்கள் என்று அவள் மனசு அப்போதே பாத்தி போடத் தொடங்கிவிட்டது.

அவள் கணவன் எலக்ட்ரீஷியன். லீவு நாட்களில் பழைய செங்கல்லைச் சாந்து வைக்காமல் முழங்கால் உயரத்துக்கு அடுக்கினான். உள்ளே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, அடியில் ஜல்லியும் மேலே மண்ணும் எருவுமாக நிரப்பினான். இரண்டு பாத்திகள் சுவரோரம். மூன்றாவதை மட்டும் முற்றத்தின் நடுவில் கட்டச் சொல்லி அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வெயில் அங்கேதான் நன்றாக விழுந்தது.

"நடக்க இடமிருக்காதே."

"நீங்க என்ன இங்க ஓட்டப்பந்தயமா ஓடப்போறீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே கட்டினான். ஈர மண் ஒரு டன்னாவது இருக்கும் என்று முதுகைப் பிடித்தபடி சொன்னான்.

சுவரோரப் பாத்திகளுக்கு ஊற்றும் தண்ணீர் அடியில் கசிந்து சாக்கடைக்கு ஓடியது. நடுப்பாத்தியிலிருந்து மட்டும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மண் நன்றாக ஈரம் பிடிக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். தக்காளியும் மளமளவென்று வளர்ந்தது.

ஒரு நாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தபோது, ஐந்து வயது மகள் ஓடி வந்தாள். அவளுக்கு வீட்டில் வாலு என்றுதான் பேர்.

"அம்மா, தரைக்குக் கீழ யாரோ குளிக்கிறாங்க."

"போடி, கதை விடாத."

"நிஜமா. நீயே காத வச்சுக் கேளு."

சரி, அவள் ஆசைக்கு என்று நடுப்பாத்தி அருகே போய்க் குனிந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அந்தச் சத்தம் உடனே அடங்கவில்லை, சுற்றிச் சுற்றி ஒலித்து மெல்லத் தேய்ந்தது. இன்னொரு சொட்டு.

கத்திரிக்கோலின் பிடியால் தரையைத் தட்டிப் பார்த்தாள். சுவரோரம் கெட்டியான சத்தம். நடுப்பாத்திக்குப் பக்கத்தில் காலி டிரம்மைத் தட்டியதுபோல் டொம்மென்றது. அப்போதுதான் செங்கல்லுக்கு வெளியே நூலளவு விரிசல் ஒன்று கண்ணில் பட்டது. விரலால் அதைத் தொடர்ந்தாள். அது வளைந்து போயிற்று. தினமும் ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிறவளுக்கு அது ஒரு வட்டத்தின் துண்டு என்று புரிய நேரமாகவில்லை.

மகளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து ஓனருக்கு போன் போட்டாள்.

"சார், பின்னால தரைக்கு அடியில என்ன இருக்கு?"

"ஏன் கேக்குற?"

"சொல்லுங்க சார்."

"பழைய கிணறும்மா. எங்கப்பா காலத்துலயே மூடியாச்சு."

"மண்ணு போட்டா?"

"மேல தளம் போட்டு."

"எவ்ளோ ஆழம்?"

"நாப்பது அடி இருக்கும். அங்க என்னம்மா வச்சிருக்க நீ?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் ஜன்னல் வழியே பார்த்தாள். வாலு எப்போது நழுவினாளோ, நடுப்பாத்திக்குள் ஏறி, செடிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு, தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள்.

கத்தினால் குழந்தை பயந்து குதிப்பாள். அவள் எதிலிருந்தும் குதித்துத்தான் இறங்குவாள். தையல்காரி போனை வைத்துவிட்டு, வெளியே வந்து, விரிசலுக்கு இப்புறம் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"பழுத்திருக்காடா தங்கம்? அம்மாகிட்ட காட்டு."

"நீ அடிப்ப. பாத்தியில ஏறக் கூடாதுன்னு சொன்னல்ல."

"அடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா பூனை மாதிரி வரணும். சத்தம் வந்தா நீ அவுட்டு."

விளையாட்டு என்றதும் குழந்தையின் முகம் மலர்ந்தது. தக்காளியை மார்போடு அணைத்தபடி எழுந்தாள். செங்கல் மேல் ஒரு கால் வைத்தாள். அந்தச் செங்கல் அசைந்தது. விரிசலோரத்தில் சிமெண்டுத் தூள் பொலபொலவென்று உள்ளே இறங்குவதை அம்மா பார்த்தாள், பார்க்காததுபோல் சிரித்தாள். இரண்டாவது கால் தரைக்கு வந்தது. நுனிவிரலில் ஒரு எட்டு, இன்னொரு எட்டு. குழந்தையின் மணிக்கட்டு கைக்கு எட்டியதுதான் தாமதம், அவளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்து, வாசல் தாண்டி, செருப்பில்லாமல் தெருவுக்கு வந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் போனை வாங்கிக் கணவனையும் தீயணைப்பு நிலையத்தையும் கூப்பிட்டாள்.

கணவன் பதறி ஓடி வந்தான். "மண்ண அள்ளிட்டா பாரம் குறைஞ்சிடும்" என்று மண்வெட்டியை எடுத்தான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு அடி வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

தீயணைப்பு ஆட்கள் வந்து கயிறு கட்டினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, யாரும் தொடாமலே, பாத்தியின் நடு பழைய கட்டில்போல் தொய்ந்தது. அடுத்த நொடி செங்கல், மண், செடி எல்லாம் போயிற்று. இருந்த இடத்தில் ஒரு கருவட்டம். பிறகு கீழிருந்து தண்ணீர் அலறியது.

ஓனர் அதற்குள் வந்துவிட்டிருந்தார். அவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று தையல்காரி காத்திருந்தாள். அவர் கயிற்றருகே நின்று எட்டிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பசங்க ரெண்டு பேரும் இதுமேலதான் பந்து விளையாடுவாங்க. பத்து வருஷம்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றே அவர்கள் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் லாரி லாரியாக மண் கொட்டிக் கிணற்றைத் தூர்த்துவிட்டதாக ஓனர் தகவல் அனுப்பினார். திரும்பி வரலாம் என்றார். அவர்கள் போகவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மகள் சிணுங்குவாள். "கைய விடும்மா, வலிக்குது."

அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவாள். விடமாட்டாள்.